ஆய்வாளர்க்குரிய ஆதரவு மூலங்கள்: களக்காடு – நாங்குநேரி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி ஆய்வாளர்க்கான ஆதரவு பெரும்பாலும் உதவித்தொகை என்னும் ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுகிறது. உதவித்தொகை ஆய்வாளரின் காலத்துக்கு ஈடு செய்கிறது. ஆவணம், நுழைவு அனுமதி, களத்துணை, வெளியீடு ஆகியவற்றை அது தானாகக் கொண்டுவருவதில்லை. திருநெல்வேலி மாவட்டம் களக்காடு – நாங்குநேரி வட்டாரத்தோடு தொடர்புடைய இருவகை ஆய்வுகளை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஒன்று நா. வானமாமலையின் நாட்டார் வழக்காற்றாய்வு. மற்றொன்று களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் நடந்த காட்டுயிர் ஆய்வு. இவற்றின்வழி ஆதரவு மூலங்களின் இயல்பும், தமிழியல் ஆய்வாளர்க்கு இன்று கிடைப்பவையும் கிடைக்காதவையும் விளக்கப்படுகின்றன. ஆளுக்குரிய ஆதரவு காலவரையறை உடையது. இடத்தில் நிலைபெறும் ஆதரவே அடுத்த ஆய்வாளரை உருவாக்குவது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச் சொற்கள்: ஆய்வு உதவித்தொகை, களஆய்வு, நெல்லை ஆய்வுக் குழு, களக்காடு – முண்டந்துறை, காணிக்காரர், ஆவணக்காப்பு, தமிழியல் ஆய்வு.

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பச்சையாற்றுப் பாசனத்தில் அமைந்த ஊர் களக்காடு. ஊரின் நடுவே சத்தியவாகீசுவரர் கோயில் உள்ளது. வேணாட்டரசர் இங்கு அரண்மனை அமைத்துத் தங்கியிருந்த காலமும் உண்டு. ஊரைச் சுற்றி வயலும் வாழைத் தோட்டமும், மேற்கே பசுமைமாறாக் காடும் உள்ளன. கல்வெட்டாய்வாளர், வரலாற்றாய்வாளர், நாட்டார் வழக்காற்றாய்வாளர், தாவரவியலார், விலங்கியலார் ஆகிய அனைவர்க்கும் ஒரே ஊர் களமாக அமையும் நிலை இங்குண்டு.

களம் ஒன்றாயினும் இவர்களுக்குக் கிடைக்கும் ஆதரவு ஒன்றன்று. காட்டை ஆராய்ந்தோர்க்கு நிறுவனமும் நெடுங்கால நல்கையும் துணைநின்றன. கதைப்பாடலை ஆராய்ந்தோர்க்குத் தம் வருவாயும் நண்பர் குழுவும் துணைநின்றன. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது, அது ஆய்வின் தொடர்ச்சியை எவ்வாறு பாதித்தது என்பன, இன்று ஆய்வைத் திட்டமிடும் முனைவர் பட்ட ஆய்வாளரும் அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியரும் அறிய வேண்டியவை.

1. ஆதரவின் கூறுகள்

ஓர் ஆய்வு நிறைவுற ஐந்து வகை ஆதரவு தேவைப்படுகிறது. முதலாவது காலம். ஆய்வாளர் வேறு பிழைப்புக்குச் செல்லாமல் ஆய்வில் ஈடுபடுவதற்கான வாழ்வூதியம் இதில் அடங்கும். இரண்டாவது மூலம். சுவடி, கல்வெட்டுப் படி, அரசு ஆவணம், பழைய இதழ், முன்னைய ஆய்வேடு முதலியன இதில் அடங்கும். மூன்றாவது நுழைவுரிமை. காப்பகம், கோயில், காடு ஆகியவற்றுள் சென்று பணியாற்றும் அனுமதி இது. நான்காவது உடனுழைப்பு. வழிகாட்டுவோர், தகவலாளர், சேகரிப்பாளர், கருத்துரைக்கும் சக ஆய்வாளர் ஆகியோரின் பங்கு இது. ஐந்தாவது வெளியீடு.

இவ்வைந்தனுள் முதலாவதை மட்டுமே உதவித்தொகைத் திட்டங்கள் நேரடியாக வழங்குகின்றன. ஏனைய நான்கும் ஆய்வாளரின் தனிமுயற்சிக்கோ அவர் சார்ந்த நிறுவனத்தின் வலிமைக்கோ விடப்பட்டுள்ளன. பெருநகரப் பல்கலைக்கழகத்தில் பயில்பவர்க்கு இந்நான்கும் அருகிலேயே கிடைக்கலாம். மலையடிவார ஊரிலிருந்து ஆய்வு செய்பவர் ஒவ்வொன்றையும் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2. நிறுவனத்துக்கு வெளியே ஓர் ஆய்வு: நா. வானமாமலை

களக்காட்டை அடுத்த நாங்குநேரியில் 1917இல் பிறந்தவர் நா. வானமாமலை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின் அப்பணியை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். அவருடைய ஆய்வுக்கான முதல் ஆதரவு அக்கல்லூரியின் வருவாயே ஆகும். பல்கலைக்கழகப் பதவியோ தொடர் உதவித்தொகையோ இல்லாமல் நாட்டுப்புறப் பாடல், கதைப்பாடல், சமூக வரலாறு ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார்.

தனியொருவரின் வருவாய் காலத்தைத் தரலாம், உடனுழைப்பைத் தராது. அக்குறையை அவர் இருவழிகளில் ஈடுசெய்தார். முதலாவது வழி சேகரிப்பாளர் வலையம். 1964இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பிலுள்ள பாடல்களை அவர் ஒருவரே திரட்டவில்லை. எஸ்.எஸ். போத்தையா போன்ற ஆர்வலர்கள் தத்தம் வட்டாரங்களில் கேட்டு எழுதியனுப்பினர். பாடலுடன் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டன. உழைப்புக்கு ஊதியம் தர இயலாத நிலையில் பெயரைப் பதிவு செய்வது ஒரு கைம்மாறாக அமைந்தது. பாடல் எவ்வூரில் வழங்கியது என்னும் சான்றும் அதனால் பின்வந்தோர்க்குக் கிடைத்தது.

இரண்டாவது வழி ஆய்வுக் குழு. 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் உறுப்பினர்கள் கட்டுரை வாசித்தனர், பிறர் விவாதித்தனர். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ் தொடங்கப்பட்டது. கல்லூரி ஆசிரியர்களும் கல்லூரிக்கு வெளியே இருந்தோரும் ஒரே அவையில் கூடினர். ஆ. சிவசுப்பிரமணியன், எஸ். தோதாத்ரி முதலிய ஆய்வாளர்கள் இக்குழுவின் வழி வளர்ந்தவர்கள். நெறியாளரின் பணியையும் மதிப்பீட்டாளரின் பணியையும் இதழின் பணியையும் ஒரு சிறு குழு ஏற்றுச் செய்தது எனலாம்.

வெளியீட்டு நிலையில் பல்கலைக்கழகத்தின் பங்கு வந்து சேர்ந்தது. அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை, கான்சாகிபு சண்டை முதலிய கதைப்பாடல்களை 1970களின் முற்பகுதியில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இவற்றுள் முத்துப்பட்டன் கதை களக்காடு – முண்டந்துறைக் காட்டோடு நேரடித் தொடர்புடையது. பட்டவராயன் வழிபடப்பெறும் சொரிமுத்தையனார் கோயில் காரையாற்றின் அருகே, இன்றைய புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ளது. ஏட்டிலும் பாடகர் வாயிலும் இருந்த கதை பல்கலைக்கழகப் பதிப்பாக மாறியபின் பாடத்திட்டத்துக்கும் மேலாய்வுக்கும் உரிய மூலமாயிற்று.

வானமாமலை 1980இல் மறைந்தார். அவர் தொடங்கிய துறைக்கு நெல்லைச் சீமையில் பின்னர் நிறுவன வடிவம் கிடைத்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் உருவாயின. தே. லூர்து போன்றோரின் உழைப்பும் ஃபோர்டு நிறுவன நல்கையும் அதற்குத் துணைநின்றன. ஒரு தனிமனிதரின் வருவாயில் தொடங்கிய ஆய்வுத்துறை, கல்லூரித் துறையாக நிலைபெறுவதற்கு வெளிநல்கை தேவைப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

3. நிறுவனத்தின் துணையுடன் ஓர் ஆய்வு: களக்காட்டு மலை

அதே நாங்குநேரியில் 1945இல் பிறந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த அவர், 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேலாய்வு செய்து, 1985இல் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து, 2005இல் ஓய்வுபெற்றார். 2024இல் மறைந்தார். கல்லூரி ஆசிரியராகத் தொடங்கியவர்க்குத் தேசிய நிறுவனமொன்றில் இருபதாண்டுப் பணி கிடைத்தது. அவ்விருபதாண்டில் அவர் ஆய்வாளர்கள் பலரை உருவாக்க முடிந்தது.

களக்காட்டு மலையில் நடந்த ஆய்வுகளின் வரிசையைக் கண்டால் ஆதரவு எவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்கிறது என்பது விளங்கும். 1970களின் முற்பகுதியில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி ஆகியோர் இம்மலைப்பகுதியில் சிங்கவால் குரங்கை ஆராய்ந்தனர். 1976இல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஜான் ஓட்ஸ் முதலியோர் கக்காச்சியில் கருமந்தியின் உணவுத் தேர்வை ஆராய்ந்து 1980இல் முடிவுகளை வெளியிட்டனர். 1962இல் அமைந்த முண்டந்துறைச் சரணாலயமும் களக்காடு சரணாலயமும் 1988இல் இணைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று.

1990களில் இருவகை ஆதரவு ஒருங்கே வந்தன. ஒன்று, உலக வங்கியின் துணையுடன் நடந்த வனவியல் ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கத் திட்டம். இதன் சூழல்மேம்பாட்டுப் பகுதிக்கு இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு களங்களுள் ஒன்று களக்காடு – முண்டந்துறை. மற்றொன்று இமாசலப் பிரதேசத்தின் பெரும் இமயத் தேசியப் பூங்கா. அடிவார ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காட்டில் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வுகள் நடந்தன. மற்றொன்று, கக்காச்சிப் பசுமைமாறாக் காட்டில் தி. கணேஷ், இரா. கணேசன், சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார், கமல் பாவா ஆகியோர் மேற்கொண்ட தாவரப் பன்மை ஆய்வு. அதன் முடிவுகள் 1996இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. 2001 பிப்ரவரியில் அதே இதழ் இக்காப்பகம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது.

திட்ட நல்கைகள் காலவரையறை உடையன; முடிந்தன. முடிந்தபின் எது எஞ்சியது என்பதே முதன்மையான வினா. கக்காச்சி ஆய்வாளர்கள் சிலர் பின்னர் அசோகா சூழலியல், சுற்றுச்சூழல் ஆய்வு அறக்கட்டளை வழியாக இப்பகுதியிலேயே தொடர்ந்து பணியாற்றினர். மணிமுத்தாற்றில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அமைந்தது. 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கல்லூரி மாணவர்களும் ஊர்மக்களும் அதில் பங்கேற்கின்றனர். நல்கை முடிந்த பின்னும் இடத்தில் ஒரு நிலையம், தரவுத் தொடர், பயிற்சி பெற்ற உள்ளூரார் ஆகிய மூன்றும் எஞ்சின. அடுத்த ஆய்வாளர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

4. இரு வரலாறுகளின் ஒப்புமை

நாங்குநேரியில் பிறந்த இவ்விருவரின் ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, இருவருமே ஆசிரியத் தொழிலில் ஈட்டிய ஊதியத்தால் ஆய்வைத் தொடங்கியவர்கள். தமிழ்நாட்டில் ஆய்வுக்கான மிகப் பழைய நல்கை ஆசிரியரின் சம்பளமே எனலாம். இது இன்றும் மாறவில்லை. பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்துள்ள பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தம் ஊதியத்திலிருந்தே ஆய்வுச் செலவைச் செய்கின்றனர்.

இரண்டாவது, காட்டாய்வின் தரவு ஆண்டுதோறும் திரட்டப்பட வேண்டியது. ஒரு மரம் எப்போது பூக்கிறது என்பதை ஓராண்டுக் குறிப்பால் முடிவு செய்ய இயலாது. இத்தேவையே நிலையம் அமையக் காரணமாயிற்று. வாய்மொழி வழக்காற்றுக்கும் இது பொருந்தும். ஒரு கொடைவிழாவை ஒருமுறை பதிவு செய்து ஆய்வேட்டில் சேர்ப்பதோடு பணி முடிவதில்லை. பாடகர் மாறும்போதும் பாடல் சுருங்கும்போதும் மீண்டும் பதிய வேண்டும். ஆயினும் தமிழியல் ஆய்வேடு தனியொருவரின் மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுப் பணியாகவே திட்டமிடப்படுகிறது. பட்டம் பெற்றதும் ஒலிப்பதிவுகள் ஆய்வாளரின் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன.

மூன்றாவது, வானமாமலைக்குக் கிடைக்காத நல்கை காட்டாய்வாளர்க்குக் கிடைத்தது. காட்டாய்வில் அரிதாகவே கிடைத்த தமிழ் வாசகர் வானமாமலைக்குக் கிடைத்தனர். களக்காட்டு மலை குறித்த ஆய்வுகளின் பெரும்பகுதி ஆங்கில ஆய்விதழ்களில் உள்ளது. அம்மலையின் மரப்பெயர்களையும் விலங்குப் பெயர்களையும் கதைகளையும் ஆராயும் தமிழ் மாணவர்க்கு அவை எட்டுவதில்லை. ஒரே இடத்தில் நடந்த இருவகை ஆய்வுகள் ஒன்றையொன்று தாங்காமல் போனது இருசாரார்க்கும் இழப்பாகும். இதற்கு மாற்றான முன்மாதிரியும் உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இந்தியவியலும் சூழலியலும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ஓலைச்சுவடித் தொகுதியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவரத் தொகுதியும் அங்கு ஒருங்கே உள்ளன.

5. இன்றைய உதவித்தொகைகள்: அளவும் எல்லையும்

முழுநேர ஆய்வாளர்க்கு முதன்மையான மூலம் பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை. தேசியத் தகுதித் தேர்வு வழியே இது வழங்கப்படுகிறது. 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்தபின் மாதம் 42,000 ரூபாயும் ஆகும். ஐந்தாண்டு முழுமையும் பெறுபவர்க்கு, வீட்டு வாடகைப்படி நீங்கலாக, 24,00,000 ரூபாய் கிடைக்கிறது. மானுடவியல், சமூக அறிவியல் துறைகளுக்குரிய இதரச் செலவுத் தொகை முதலிரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், அடுத்த மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 20,500 ரூபாயும் ஆகும். ஐந்தாண்டில் இது 81,500 ரூபாய்.

இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டால் உதவித்தொகையின் இயல்பு தெளிவாகும். ஆய்வாளரின் வாழ்வூதியமாக 100 ரூபாய் தரப்படும்போது, ஆய்வுச் செலவுக்கு மூன்றரை ரூபாய்க்கும் குறைவாகவே தரப்படுகிறது. தொடக்க ஆண்டுகளின் 10,000 ரூபாயை மாதத்துக்குப் பகுத்தால் 833 ரூபாய். களப்பயணம், ஒலிப்பதிவுக் கருவி, ஆவணப் படி, பாடகர்க்குரிய சன்மானம், வழிகாட்டியின் நாட்கூலி அனைத்தும் இதனுள் அடங்க வேண்டும். எனவே உதவித்தொகை பெறும் ஆய்வாளரும் களச்செலவைத் தம் ஊதியத்திலிருந்தே ஈடு செய்கிறார். நூலக ஆய்வைத் தேர்ந்தெடுப்போர் மிகுவதற்கும் களஆய்வு குறைவதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர்க்கெனத் தனித்தனித் தேசிய உதவித்தொகைகள் உள்ளன. ஒற்றைப் பெண்குழந்தைக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகையும் உண்டு. சிறுபான்மையினர்க்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022–23ஆம் கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டது. ஒரு திட்டத்தை நம்பி ஆய்வில் நுழைய எண்ணியவர்க்கு அத்திட்டமே இல்லாமற்போவது ஆளுக்குரிய ஆதரவின் நிலையாமையைக் காட்டுகிறது.

1969இல் நிறுவப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும், 1972இல் நிறுவப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சி மன்றமும் உதவித்தொகையோடு ஆய்வுத் திட்ட நல்கையும் வழங்குகின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழியல் ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளுதல் நன்று. உதவித்தொகை ஒருவர்க்கு உரியது. திட்ட நல்கையோ கள உதவியாளர், பயணம், கருவி, வெளியீடு எனப் பகுத்துக் கேட்கத்தக்கது. நாட்டார் வழக்காறு, ஊர் வரலாறு, சமூக மொழியியல் ஆகிய துறைகளில் திட்ட நல்கையே பொருத்தமானது.

தமிழுக்கே உரிய மூலங்களுள் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் முதலிடம் பெறுகிறது. 2004இல் தமிழ் செம்மொழியென அறிவிக்கப்பட்டதன் பின் மைசூரில் தொடங்கிய இப்பணி 2008இல் சென்னைக்கு மாறியது. முனைவர் பட்டத்துக்கும் மேலாய்வுக்கும் உதவித்தொகை வழங்கும் இந்நிறுவனத்தின் கவனம் பழந்தமிழ் நூல்கள் மீதே உள்ளது. களக்காட்டுக் கல்வெட்டையோ முத்துப்பட்டன் கதையையோ ஆராய்பவர், பழந்தமிழோடு தம் பொருளுக்குள்ள உறவை நிறுவினாலன்றி இவ்வாயிலில் நுழைதல் அரிது. தமிழ்நாடு அரசு முழுநேர ஆய்வாளர்க்கென முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்து, 2023இல் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியே விண்ணப்பம் பெற்றது. இவையனைத்தும் முழுநேர ஆய்வாளரை நோக்கியவை. பகுதிநேர ஆய்வாளர் இவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

6. மூலமும் நுழைவுரிமையும்

மூலத்தை எட்டுவதில் அண்மைக்காலத்தில் பெரும் மாற்றம் நேர்ந்துள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து நூலகம் திட்டம், ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா ஆகியன களக்காட்டில் இருந்தபடியே பல மூலங்களைக் காண உதவுகின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக்காப்புத் திட்டம் 2004 முதல் நல்கை வழங்கிவருகிறது. மூல ஆவணம் அதன் நாட்டைவிட்டு வெளியேறலாகாது, எண்மப் படியொன்று உள்ளூர் நிறுவனத்தில் வைக்கப்பட வேண்டும் என்பன இத்திட்டத்தின் நெறிகள். தனியார் வீட்டுச் சுவடிகளும் ஊர்ப் பத்திரங்களும் மிகுந்த தாமிரபரணிப் படுகைக்கு இத்தகைய நல்கை பெரிதும் பொருந்தும்.

கல்வெட்டைப் பொறுத்தவரை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. மூலம் எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதும் ஆதரவின் ஒரு பகுதியே என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

நுழைவுரிமை இதனினும் கடினமானது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆம் பிரிவு, சரணாலயத்துள் ஆய்வுக்காக நுழைவதற்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் அனுமதி வழங்கலாம் என்கிறது. இவ்விதி புலியை ஆராய்பவர்க்கு மட்டும் உரியதன்று. காப்பகத்துள் அமைந்த கோயிலின் வழிபாட்டையோ காணிக்காரர் குடியிருப்பின் வாய்மொழி வழக்காற்றையோ ஆராயும் தமிழ் மாணவரும் இவ்விதிக்குட்பட்டே செல்ல வேண்டும். காட்டுயிர் நிறுவனங்கள் அனுமதி பெறும் நடைமுறையை அறிந்தவை. தமிழ்த் துறைகளுக்கு இப்பழக்கம் குறைவு. அனுமதிக்கான காலத்தைத் திட்டத்தில் சேர்க்காமையால் களப்பணி தள்ளிப்போதலும், ஆடி அமாவாசைத் திருவிழாக் கூட்டத்தோடு சென்று இரு நாளில் தகவல் திரட்டி வருதலும் நேர்கின்றன. ஆய்வுப் பதிவின் முதலாண்டிலேயே துறைத்தலைவர் வழி விண்ணப்பித்தல் இக்குறையைப் போக்கும்.

7. பெயர் பெறாத ஆதரவாளர்

களஆய்வில் மிகுதியான ஆதரவைத் தருவோர் நன்றியுரையில் மிகக் குறைவாக இடம்பெறுகின்றனர். இஞ்சிக்குழி, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு ஆகியவற்றில் வாழும் காணிக்காரரின் காட்டறிவு இப்பகுதி ஆய்வுக்கு இன்றியமையாதது. தடம் காட்டுவோர், மரத்தின் பெயர் சொல்வோர், பாடலைப் பொறுமையாகத் திரும்பப் பாடுவோர் ஆகியோர் ஆய்வின் பங்காளிகள்.

இதற்குரிய கைம்மாறு குறித்த ஓர் எடுத்துக்காட்டு மலைக்கு மறுபுறம், கேரளத்தில் உள்ளது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக் குழுவொன்றுக்கு வழிகாட்டிய காணிக்காரர், களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். அதனைக் கொண்டு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உரிமம் மருந்து நிறுவனமொன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் வழங்கப்பட்டது. இத்தொகையில் பாதி காணிக்காரர்க்கு உரியதாக்கப்பட்டு, அதற்கென 1997இல் அறக்கட்டளை பதியப்பட்டது. பங்கீட்டின் நடைமுறை குறித்து விமரிசனங்கள் எழுந்தன. எனினும் அறிவு தந்தவர்க்கும் பங்குண்டு என்னும் கொள்கை ஏற்கப்பட்டது.

தமிழியல் ஆய்வில் விற்பனைக்குரிய பொருள் உருவாவதில்லை. எனினும் கொள்கை ஒன்றே. தகவலாளர் விரும்பினால் பெயரைப் பதிதல், ஒலிப்பதிவின் படியை அவர்க்கே தருதல், பாடலை வெளியிட ஒப்புதல் பெறுதல், இழந்த வேலை நாளுக்கு ஈடு செய்தல் ஆகிய நான்கும் குறைந்த அளவு நெறிகள். வானமாமலையின் தொகுப்பில் சேகரித்தவர் பெயர் இடம்பெற்ற முறையை, பாடியவர் பெயர்வரை நீட்டுவது இன்றைய ஆய்வாளரின் கடமை.

8. வெளியீட்டு ஆதரவு

ஆய்வு முடிவு வாசகரை அடையாதவரை ஏனைய ஆதரவுகள் பயன்தருவதில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துள்ளது. களக்காட்டு மலை குறித்த ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாய்வாளரும் படிக்க இது வழியாகும். ஆனால் தமிழ் ஆய்விதழ்கள் இத்தகைய பெருநிதியால் தாங்கப்படுவன அல்ல. ஆசிரியர் குழுவின் ஊதியமில்லா உழைப்பால் நடப்பவை.

ஆய்விதழ்களின் தரத்துக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு பேணிவந்த பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடம் வந்துள்ளது. இந்நிலையில், நெல்லை ஆய்வுக் குழுவின் முறை மீண்டும் பொருள் பெறுகிறது. கட்டுரை வெளிவருமுன் அறிந்தோர் அவையில் வாசிக்கப்பட்டு, வினாவுக்குட்பட்டு, திருத்தப்படுதல் அம்முறை. இதற்குப் பெருநிதி தேவையில்லை. அருகருகே உள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் மாதம் ஒருமுறை கூடினால் போதும்.

முடிவுரை

களக்காடு – நாங்குநேரி வட்டாரத்தின் ஆய்வு வரலாறு கீழ்வரும் முடிவுகளைத் தருகிறது.

உதவித்தொகை ஆய்வாளரின் காலத்தைக் காக்கிறது; களச்செலவை மிகச் சிறு அளவிலேயே தாங்குகிறது. எனவே உதவித்தொகையோடு திட்ட நல்கையையும் தேடுதல் வேண்டும்.

காட்டாய்வில் நல்கை முடிந்த பின்னும் நிலையம், தரவுத் தொடர், பயிற்சி பெற்ற உள்ளூரார் ஆகியன எஞ்சின. தமிழியல் ஆய்விலும் ஒலிப்பதிவு, சுவடிப் படி, தகவலாளர் குறிப்பு ஆகியவற்றைப் பல்கலைக்கழக நூலகத்திலோ வட்டாரக் கல்லூரியிலோ ஒப்படைத்தல் ஆய்வேட்டுக்குரிய நிபந்தனையாக வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும் இதனைத் தொடங்கத்தக்க இடத்தில் உள்ளன.

பகுதிநேர ஆய்வாளர் தமிழியல் ஆய்வுக்குத் தம் ஊதியத்தையே நல்கையாக அளிப்பவர். அவர்க்குக் களச்செலவு மட்டுமாவது கிடைக்கும் சிறு நல்கை தேவை. முழு வாழ்வூதியத்தோடு ஒப்பிட அதற்காகும் தொகை மிகச் சிறிது.

காட்டை ஆராய்வோரும் காட்டின் கதையை ஆராய்வோரும் ஒரே மலைக்கு, ஒரே அனுமதி பெற்று, ஒரே வழிகாட்டிகளின் துணையுடன் செல்கின்றனர். இவர்கள் இணைந்து விண்ணப்பிக்கும் ஆய்வுத் திட்டம், இருசாரார்க்கும் குறைவாக உள்ளதை நிறைவு செய்யும். முத்துப்பட்டன் கதை வழங்கும் காட்டில் அக்கதையின் மரங்களையும் விலங்குகளையும் வழிகளையும் தமிழில் பதியும் பணி அத்தகைய திட்டத்துக்காகக் காத்திருக்கிறது.